ஐந்தாவது சாக்கு

பேகம்பூர், திண்டுக்கல்
28 டிசம்பர் 2024

அன்புத் தங்கை ஷப்னத்துக்கு அக்கா உம்மு சல்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்பின் கிருபையால் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆம்பூரில் நீயும் யாசின் தம்பியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன்.

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டியதெல்லாம் நாலாம் தேதியே ஆகிவிட்டது.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். என் போனை இஷாக் வாங்கி மருமகள் இஃப்பத் கையில் கொடுத்துவிட்டான். துக்கம் கேட்டு வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் நான் அழுகிறேனாம். தாயைக் காப்பாற்றுகிற மகன், என்ன சொல்ல? இந்த வீட்டில் யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நீ "சாப்டியாக்கா" என்று கேட்டால் கூடத்தில் இருக்கிற நாலு பேர் "சாப்டாச்சு, சாப்டாச்சு" என்று எனக்காகப் பதில் சொல்கிறார்கள். நான் கேட்கப்போகிற விஷயம் நாலு பேர் காதுக்கு ஆகாது.

இத்தா இருக்க ஆரம்பித்து இருபத்து நாலு நாள் ஆகிறது. கணவன் மவுத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. மார்க்கம் சொன்னது, இருக்கிறேன். மனசுக்கு அதில் குறை இல்லை. ஆனால் இந்தக் கால்களை என்ன செய்வது? கட்டிலில் உட்கார்ந்தால் எழச் சொல்கின்றன, எழுந்தால் எங்கே போகலாம் என்கின்றன. நேற்று ஒரே அலமாரியை மூன்று தடவை அடுக்கினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தா முடிந்த மறுநாள் நான் மலைக்குப் போக வேண்டும். நானும் உன் மச்சானும் அன்றைக்குக் கிளம்பிய அதே மலை, அதே வழி. பழனி, உடுமலை, சின்னாற்றுக் காடு, மறையூர், மூணாறு, அப்புறம் இரவிகுளம் தேசியப் பூங்கா. நீ கூட வர வேண்டும். யாசின் தம்பியும் வந்தால் துணைக்கு ஆச்சு. டிக்கெட், தங்குமிடம் எல்லாம் உன் பொறுப்பு. எனக்குத்தான் போன் இல்லையே.

அன்றைக்குக் கட்டிய பையை இன்னும் நான் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இஃப்பத் பெருக்கும்போது துடைப்பத்தால் இடித்தாள், "அதத் தொடாதம்மா" என்று சத்தம் போட்டுவிட்டேன். பாவம், பயந்துபோனாள்.

அட்டைப் பூச்சி கடித்தால் உப்புப் போட வேண்டுமா, சுண்ணாம்பா? விசாரித்து எழுது. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா
உம்மு சல்மா


ஆம்பூர்
5 ஜனவரி 2025

பிரியமுள்ள அக்காவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். பனிதான் அதிகம், சின்னவளுக்கு இருமல். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

கையால் எழுதிய கவரைப் பார்த்துத் தபால்காரரே "என்னம்மா, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டார். படித்துவிட்டுத் திரும்ப ஒரு தடவை படித்தேன் அக்கா. மச்சானை அடக்கம் செய்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் மலை, காடு, அட்டைப் பூச்சி. யாரிடமாவது சொன்னால் உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் மட்டும் சொன்னேன். "உங்கக்கா கேட்டா எமனையே எதிர்த்து மலை ஏறும், நாம கூடப் போறதுதான் நல்லது" என்கிறார்.

கணக்கைப் பார்த்துவிட்டேன். டிசம்பர் நாலிலிருந்து நாலு மாதம், ஏப்ரல் நாலு. அதற்கு மேல் பத்து நாள். ஏப்ரல் பதினாலாம் தேதி உன் இத்தா முடிகிறது. அன்றைக்குத் தாய்வீட்டுச் சேலை கொண்டுவந்து உன்னை வாசல் தாண்டிக் கூட்டிப்போக வேண்டியவள் நான்தான். அம்மா இல்லாத நமக்கு நான்தானே உன் தாய்வீடு. பதினைந்தாம் தேதி விடியற்காலை மலைக்குக் கிளம்பலாம்.

ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இரவிகுளத்தில் வரையாடுகள் குட்டி போடுகிற காலம் என்று பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவை மூடிவிடுவார்கள். ஏப்ரலில்தான் திறப்பார்கள். ராஜமலை வரைக்கும் வனத்துறை பஸ்ஸில் ஏறிப்போய், அங்கிருந்து நடக்க வேண்டும். சின்னாற்றில் வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்து தூவானம் அருவிக்குப் போகலாம். எல்லாம் நான் பதிவு செய்கிறேன்.

உன் ரப்பர் செருப்பை வைத்துக்கொண்டு மலை ஏற முடியாது. இவர் வேலை பார்க்கிற கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போகிற மலையேற்ற ஷூ தைக்கிறார்கள். உன் கால் அளவை அனுப்பு. அட்டைக்கு உப்பு போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் ஷப்னம்


பேகம்பூர்
12 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு, ஸலாம். என் முட்டி நலம், பிரச்சினையெல்லாம் முட்டிக்குக் கீழேதான். நீ கேட்ட கால் அளவு இத்துடன் இருக்கிறது. தாளின் மேல் வலது காலை வைத்து நானே சுற்றிக் கோடு போட்டேன். குனிந்து போடும்போது பேனா நழுவிவிட்டது. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருப்பது பேனாவின் தப்பு, அங்கே எனக்கு ஆறாவது விரல் எதுவும் இல்லை.

குட்டி போட்ட ஆட்டையும் இரண்டு மாதம் வெளியாள் கண்ணில் படாமல் வைக்கிறார்கள் என்றதும் எனக்கு அந்த வரையாடுகள் மீது ஒரு பாசமே வந்துவிட்டது. போனதும் முதலில் அவற்றிடம்தான் சுகம் விசாரிக்கப்போகிறேன்.

தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் மொட்டை மாடியில் நடக்கிறேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நாற்பது சுற்று. கிழக்கே சிறுமலை நீலமாகக் கிடக்கிறது. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம், பக்கத்திலிருக்கிற அந்த மலைக்குக்கூட நான் போனதில்லை. உன் மச்சான் காட்டிய ஒரே இயற்கைக் காட்சி ஆத்தூர் அணை. அதிலும் நான் தண்ணீரைப் பார்த்தேன், அவர் கரையில் நின்று போனில் தோல் விலை பேசினார்.

மூணாறு என்று நாலு தடவை நாள் குறித்தோம். முதல் தடவை பக்ரீத் முடிந்து கிடங்குக்குத் தோல் லோடு வந்துவிட்டது, உப்புப் போடாவிட்டால் கெட்டுவிடும் என்றார். இரண்டாவது, இஷாக்குக்குக் கல்லூரி சேர்க்கை. மூன்றாவது, ஆம்பூர்ச் சரக்குக்காரர் வீட்டுக் கல்யாணம். நாலாவது தடவை மலையில் மண் சரிவு என்றார். எந்தப் பேப்பரிலும் சரிவு இல்லை, இவர் நாக்கில்தான் சரிந்தது! நான் இரண்டு நாள் பேசவில்லை. ஐந்தாவது தடவை பை கட்டினோம்.

சரி, அதை விடு. காட்டு வழியில் யானை எதிரே வந்தால் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? இஷாக்கிடம் இன்னும் மூச்சு விடவில்லை. சின்னவள் இருமலுக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடு.

துஆவுடன்
உம்மு சல்மா


ஆம்பூர்
21 ஜனவரி 2025

அக்காவுக்கு, ஸலாம். எல்லோரும் சுகம். இந்தப் பார்சலில் ஷூ இருக்கிறது. இப்போதே போட்டு வீட்டுக்குள் நடந்து பழகு, இல்லாவிட்டால் மலையில் குதிகால் தோல் உரிந்துவிடும் என்று இவர் சொல்லச் சொன்னார். யானை வந்தால் வழிகாட்டி சொல்வதைக் கேட்க வேண்டும். நீ யார் சொல்வதையும் கேட்க மாட்டாய், அதுதான் என் கவலை.

பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம். அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

ஷப்னம்


பேகம்பூர்
4 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு, ஸலாமும் துஆவும். நீ பெரிய கடிதமாக எழுதாததால் உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று நினைத்தேன். இருந்தால் மறைக்காதே.

ஷூ வந்தது. வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. நான் கூடத்துக்கும் அறைக்கும் டொக்கு டொக்கென்று நடக்க, துக்கம் கேட்க வந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தார்கள். இத்தாவில் அலங்காரம் கூடாதே, இது அலங்காரமா என்று ஒருத்தி கேட்டாள். பள்ளிவாசல் ஹஸ்ரத் வீட்டம்மாவைக் கூட்டிவந்தார்கள். அந்தம்மா ஷூவைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இதப் போயி அலங்காரம்னு எவளாச்சும் சொல்லுவாளா? எருமக் குளம்பு மாதிரில்ல இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆட்சேபம் தள்ளுபடி.

ஆனால் இஷாக்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டான், சொன்னேன். "அம்மா, ஊரு என்ன சொல்லும்? அத்தா மவுத்தாயி நாலு மாசத்துல டூர் போறாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றான். "டூரு இல்லடா, பாக்கி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடங்குக்குப் போய்விட்டான். இப்போது இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் குழம்பு, வெஞ்சனத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஷூ அவ்வளவு பொருத்தம். என் இடது கால் வலதை விட ஒரு நூல் பெரிசு, எந்தச் செருப்பு வாங்கினாலும் இடது பக்கம் கடிக்கும். இது கடிக்கவில்லை, இடதைக் கொஞ்சம் தாராளமாகவே தைத்திருக்கிறார்கள். நான் வலது காலை மட்டும்தானே வரைந்து அனுப்பினேன்? யாசின் தம்பிக்கு என் பாராட்டைச் சொல்.

இப்போது அறுபது சுற்று.

உன் அக்கா


ஆம்பூர்
15 பிப்ரவரி 2025

என் அக்காவுக்கு, ஸலாம். நாங்கள் சுகம், நீ சுகமா?

பதிவு முடிந்தது. சின்னாற்றில் வனத்துறைக் குடில் பதினைந்தாம் தேதிக்கு. ராஜமலைக்குப் பதினாறாம் தேதி காலை, மூன்று டிக்கெட். பூங்கா திறந்த பிறகு வரும் கூட்டத்தில் தேதி மாற்ற முடியாதாம். ஆகவே இனி உன் காலும் மாறக் கூடாது, இஷாக் மனசும் அதற்குள் மாறிவிட வேண்டும்.

அக்கா, உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். யானைக்கு ஒரு வரி, அட்டைப் பூச்சிக்கு ஒரு வரி, ஹஸ்ரத் வீட்டம்மாவுக்கு ஒரு பத்தி. அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. நான் வந்து ஏழு நாள் உன் பக்கத்திலேயே படுத்திருந்தேன், அப்போதும் நீ சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டும். ஏன் என்று கேட்காதே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போதே அந்த நினைப்பு வந்து நின்றுவிடுகிறேன்.

மச்சான் கடைசியாக என்ன சொன்னார்?

ஷப்னம்


பேகம்பூர்
27 பிப்ரவரி 2025

ஷப்னத்துக்கு ஸலாம். நோன்பு வரப்போகிறது. அதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன். சுமையோடு நோன்பு வைக்க முடியவில்லை.

அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்டார்கள். கலிமா சொல்லித்தான் கண்ணை மூடினார் என்று சொல்லிவிட்டேன். ஊரே அல்ஹம்துலில்லாஹ் என்றது. பொய், ஷப்னம்.

முந்தின நாள் பொழுது சாய்ந்து மஃரிபுக்கு மாடியில் நின்று பிறை பார்த்தோம். "புதுப் பிறையோட கிளம்புறோம், நல்லதுதான்" என்றார். காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்தார். ஸ்வெட்டரும் குல்லாவும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். கார் ஐந்தரைக்கு வரும். நான் அடுப்படியில் இருந்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "சல்மா, வயிறு உப்புசமா இருக்கு, நெஞ்சு வரைக்கும் அடைக்குது. நாளைக்குப் போவமா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "அஞ்சாவது சாக்கா? மண் சரிவு போயி இப்ப வயிறா? ஓமத் தண்ணி தாரேன், குடிச்சிட்டு ஏறுங்க" என்றேன்.

அவர் வாங்கினார். குடித்துவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தார். கூடத்தில் போய் சோபாவில் உட்கார்ந்தார். நான் கேஸை மூடினேன், பையின் ஜிப்பை இழுத்தேன், எலுமிச்சைச் சாதத்தை டப்பாவில் போட்டேன். அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் பேசிக்கொண்டே போட்டேன். முப்பத்து மூன்று வருஷமாக நான் கிணற்றுத் தவளை என்றெல்லாம். கார்க்காரர் ஹாரன் அடித்தார். வந்து "எந்திரிங்க" என்று தோளைத் தட்டினேன்.

நெஞ்சு அடைக்குது என்று ஒரு மனுஷன் சொல்ல, ஓமத் தண்ணி கொடுத்தவள் நான். நம்பாமல் போனேன். உட்கார்ந்தால் அந்த டம்ளர் ஞாபகம் வருகிறது, அதனால்தான் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். மலைக்குப் போனால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று எனக்கும் தெரியாது. அவரை விரட்டி விரட்டிக் கிளப்பிய ஊரை நான் பாதியில் விட முடியாது, அவ்வளவுதான்.

எனக்கு ஆறுதல் எழுதாதே. ஆனால் எழுது.

உம்மு சல்மா


பேகம்பூர்
14 மார்ச் 2025

ஷப்னத்துக்கு ஸலாம். நோன்பு பன்னிரண்டு பதின்மூன்று போய்விட்டது. நீ சுகமா, பிள்ளைகள் சுகமா என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும், நீயோ பதிலே எழுதவில்லை. இஃப்பத் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது "ஸ்கூல்ல பரீட்ச" என்றாய். பரீட்சை என்றால் பேனா கையில்தானே இருக்கும்?

நான் சொன்னதைக் கேட்டு வெறுத்துவிட்டாய் போல என்று பத்து நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வேறு ஒன்று நடந்தது.

நோன்பில் தாகம் எடுக்கிறது என்று நடையை நிறுத்தியிருக்கிறேன். ஷூவைத் துடைத்துப் பெட்டியில் வைக்கலாம் என்று, முனையில் அடைத்து வந்த காகித உருண்டைகளைத் திரும்ப அடைத்தேன். மூன்று உருண்டை வெள்ளை. ஒன்று காக்கித் தாள். கிடங்கில் தோல் கட்டுகிற தாள் மாதிரி இருக்கிறதே என்று பிரித்தேன்.

இரண்டு கால் அளவு வரைந்திருக்கிறது. என் பழைய செருப்பை வைத்து வரைந்தது, இடது செருப்பின் வார் அறுந்த இடம்கூடத் தெரிகிறது. தோலில் குறி போடுகிற நீலப் பென்சில். ஓரத்தில் அவர் கையெழுத்து: "சல்மாவுக்கு. இடது கால் கொஞ்சம் பெருசு. கடிக்காமப் பாத்துக்கணும்."

மவுத்தான மனுஷன் ஜனவரியில் அளவு எடுக்க முடியாது. ஷூ எப்போது தைத்தது? அவர் உன்னிடம் என்ன பேசினார்? என்னிடம் கால் அளவு கேட்டு ஏன் நாடகம் ஆடினாய்?

எழுது ஷப்னம். பெருநாளுக்குள் எழுது.

உன் அக்கா


ஆம்பூர்
26 மார்ச் 2025

அக்கா, ஸலாம். சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் நீ சுகமாக இருக்க ஒவ்வொரு நோன்பு திறக்கும்போதும் கேட்கிறேன்.

நவம்பர் கடைசியில் மச்சான் அந்தக் காக்கித் தாளைச் சரக்கு லாரியில் இவருக்குக் கொடுத்துவிட்டார். உனக்குச் சொல்லக் கூடாது, மறையூரில் காரை நிறுத்தி அவர் கையால் உனக்குப் போட்டுவிட வேண்டுமாம். ஷூ முடிய டிசம்பர் மூன்றாகிவிட்டது. அதை அனுப்புவதற்குள் மவுத்துச் செய்தி வந்தது. அப்போது கொண்டுவந்து உன் முன்னால் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. நீ மலைக்குப் போக வேண்டும் என்று எழுதியதும், இப்போது புதிதாகத் தைத்த மாதிரி கொடுத்துவிடலாம் என்று அளவு கேட்டேன். இவர் அந்தத் தாளையே முனையில் அடைத்தது எனக்குத் தெரியாது.

இது சின்ன விஷயம். பெரிய விஷயத்தை இனி சொல்கிறேன்.

டிசம்பர் இரண்டாம் தேதி மச்சான் போன் பண்ணினார். ஷூ வந்துவிடுமா என்று கேட்டார். அப்புறம், "ஷப்னம், ஒண்ணு சொல்றேன், கூச்சல் போடாத. ரெண்டு நாளா நெஞ்சுல ஒரு மாதிரி இருந்துச்சுன்னு டாக்டர்கிட்டப் போனேன். ஈசிஜி எடுத்துட்டு இன்னைக்கே மதுரைக்குப் போங்கன்றாரு" என்றார். போங்க மச்சான் என்றேன். "மலைக்குப் போயிட்டு வந்து போறேன். இப்பச் சொன்னா உங்கக்கா அஞ்சாவது சாக்கும்பா. நீ வாயத் தொறக்கக் கூடாது, என் மேல ஆணை" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள்தானே, அக்கா ஒரு தடவையாவது மலையைப் பார்த்துவிடட்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தால் மச்சான் இன்றைக்கு உன்னோடு நோன்பு திறந்திருப்பார். உன் பிப்ரவரிக் கடிதத்தில் அதே வார்த்தையைப் படித்தேன், அஞ்சாவது சாக்கு. அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓமத் தண்ணியை நீ அறியாமல் கொடுத்தாய். நான் அறிந்தே இருந்தேன்.

மூன்று டிக்கெட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பதில் இஷாக்கையும் இஃப்பத்தையும் கூட்டிப்போ. பெயர் மாற்றக் கேட்டிருக்கிறேன். பதினாலாம் தேதி சேலையை யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

ஷப்னம்


சிறுமலை
10 ஏப்ரல் 2025

என் தங்கை ஷப்னத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா நலம். கால் வலிக்கிறது. நாலு மாதத்துக்குப் பிறகு நடந்து வந்த வலி, நல்லாத்தான் இருக்கிறது. நீயும் யாசின் தம்பியும் பிள்ளைகளும் சுகமா?

எங்கிருந்து எழுதுகிறேன் என்று பார். ஏப்ரல் பத்துதானே, இத்தா முடியவில்லையே என்று பதறாதே. கணக்கில் கோட்டை விட்டது நீ. நேற்று ராத்திரி ஹஸ்ரத் வீட்டம்மா வந்து, "இன்னைக்கு மஃரிபோட ஒங்களுக்கு முடிஞ்சு போச்சே, இன்னும் ஏன் உள்ளயே இருக்கீங்க?" என்றார். அவர் மவுத்தானது பிறை ஒன்று. நாலு பிறை முடிந்து பெருநாள், பெருநாளிலிருந்து பத்தாம் நாள் நேற்று. நோன்பையும் பெருநாளையும் பிறை பார்த்து எண்ணுகிற நாம், இத்தாவை மட்டும் காலண்டரைப் பார்த்து இங்கிலீஷ் மாதமாக எண்ணியிருக்கிறோம். நீ ஆசிரியை வேறு!

இஷாக், "சின்னம்மா சேலையோட வந்து கூப்பிடட்டும்மா, அதான் முறை" என்றான். சின்னம்மா வர மாட்டாளாம் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. காலையில் இஃப்பத்திடம் "செத்த நேரத்துல வாரேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் ஷூவைப் பார்த்தாள், எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்து, "அவங்கள நான் பாத்துக்கறேன் மாமி" என்றாள். தங்கமான பிள்ளை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்ச் சிறுமலை பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் தலை சுற்றவில்லை, பக்கத்தில் இருந்த மலைவாழைக்காரம்மாவுக்குத்தான் சுற்றியது. நான்தான் அவருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தேன்.

இப்போது ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே திண்டுக்கல் தெரிகிறது. மலைக்கோட்டை ஒரு கூழாங்கல் அளவு. நம் மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து உன்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது, தாள் போதாது. பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் பாயசம் குடிக்க, நான் அறையில் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் புருஷன் உயிர் விஷயம் உனக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அவரையும் திட்டினேன். அன்றைக்கு மத்தியானம் இஷாக்கைக் கூப்பிட்டு கலிமாப் பொய்யையும் ஓமத் தண்ணியையும் சொல்லிவிட்டேன். அவன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அப்புறம் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். இருந்தும் உனக்கு நான் போன் பண்ணவில்லை. பண்ணினால் நீ அழுவாய், நான் கத்துவேன், சொல்ல வந்தது நின்றுவிடும்.

என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பஸ்ஸில் வரும்போதுதான் கண்டுபிடித்தேன். டிசம்பர் இரண்டாம் தேதி நீ எனக்குப் போன் பண்ணுகிறாய் என்றே வைத்துக்கொள். "அக்கா, மச்சானுக்கு நெஞ்சுல ஏதோ இருக்காம், மதுரைக்குக் கூட்டிப் போ" என்கிறாய். நான் என்ன சொல்லியிருப்பேன்? "ஓஹோ, உன்னையும் ஆள் சேத்துட்டாரா?" என்று சொல்லியிருப்பேன். ஈசிஜித் தாளைக் கையில் கொடுத்திருந்தால்கூட, யாருடையது என்று பெயர் தேடியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். நாலு தடவை ஏமாந்தவள் ஐந்தாவது தடவை டாக்டரையும் நம்பியிருக்க மாட்டாள். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் சொல்லாமல் ஸ்வெட்டரை மாட்டினார். எனக்கு வலிக்கிறது ஷப்னம், உண்மையாகவே வலிக்கிறது. ஆனால் அந்த ஒரு போனை நீ தனியாகச் சுமக்க வேண்டாம். அதை எடுக்க இந்தப் பக்கம் ஆள் இருந்திருக்காது.

இன்றைக்குப் பையைப் பிரித்தேன். அன்றைக்கு அவர் மாட்டியிருந்த ஸ்வெட்டரை அதற்குள்தான் திணித்து வைத்திருந்தேன், அதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ஏப்ரல் வெயிலில் ஸ்வெட்டரா என்று வாழைக்காரம்மா, "குளுருதா ஆத்தா?" என்று கேட்டார். "இல்லங்க, இதுவும் மலை பாக்கணும்ல" என்றேன். அந்தம்மா ஒரு சீப்பு மலைவாழை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

இத்துடன் உங்கள் இரண்டு பேர் டிக்கெட்டும் இருக்கிறது. பெயரை மாற்றியிருந்தால் திரும்ப மாற்று. பதினாலாம் தேதி சேலையோடு நீயே வா, ஆள் அனுப்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். தாய்வீட்டுச் சேலையைத் தபால்காரரிடமா வாங்குவார்கள்? பதினைந்தாம் தேதி கார் ஐந்தரைக்கு.

கிளம்புகிற அன்றைக்கு யாருக்காவது வயிறு உப்புசம் என்றால் சொல்லிவிடுங்கள். நான் நம்புவேன்.

உன் அக்கா
உம்மு சல்மா